செவிலியர் படிக்கும் மகளின் கைப்பேசி: ஐயமா, அமானிதமா?

 

நம் வீட்டுப் பெண்ணைப் பிரசவத்திற்காக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது நாம் முதலில் விசாரிப்பது எதை? "பெண் டாக்டர் இருக்கிறாரா? உள்ளே பெண் நர்ஸ்கள்தாம் இருப்பார்களா?" என்பதைத்தான். நம் பெண்களின் நாணத்தையும் கண்ணியத்தையும் காக்க விரும்பும் அந்தக் கேள்வியில் பிழையேதும் இல்லை. ஆனால் அதே நாம், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்துத் தேறிய மகள் "நர்சிங் படிக்கட்டுமா அத்தா?" என்று கேட்டால் தயங்குகிறோம். பிறர் வீட்டு மகள் இரவுப் பணி பார்த்து நம் வீட்டுப் பெண்ணைக் கவனிக்க வேண்டும். நம் மகள் அப்பணிக்குச் செல்லலாகாது. இது நியாயமான நிலைப்பாடு ஆகாது.

அல்லாஹ்வின் கிருபையால் இத்தயக்கம் மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரியை ஒட்டி இரும்பை, ஆரோவில், கோட்டக்குப்பம் எனப் பரந்து கிடக்கும் இந்தப் பகுதிக்கு மருத்துவக் கல்வி நிறுவனங்கள் தொலைவில் இல்லை. ஜிப்மர் அருகில் இருக்கிறது. புதுச்சேரி அரசின் மதர் தெரசா நிலையமும் காலாப்பட்டுப் பக்கத்துப் பிம்ஸ் மருத்துவமனையும் செவிலியர் கல்வி அளிக்கின்றன. மேற்கே முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. விடுதியில் தங்காமல், வீட்டிலிருந்தே பேருந்தேறிச் சென்று படித்து மாலையில் திரும்பக்கூடிய வாய்ப்பு இப்பகுதிப் பெண்மக்களுக்கு உண்டு. தமிழகத்தின் பல ஊர்களுக்குக் கிட்டாத வசதி இது.

ஆயினும் கல்லூரியில் சேர்த்துவிட்ட பிறகும் ஒரு காரியத்தில் மட்டும் நம் கை இறுகிக்கொள்கிறது. அதுவே கைப்பேசி. "படிக்கப் போகிறவளுக்கு எதற்கு ஃபோன்?" என்று சில வீடுகளில் கேட்கப்படுகிறது. வேறு சில வீடுகளில் ஒரே கைப்பேசி உம்மாவுக்கும் தம்பிக்கும் மகளுக்கும் பொதுவாக இருக்கிறது. தம்பி விளையாடி முடித்து, உம்மா உறவினரிடம் பேசி முடித்த பிறகு, பேட்டரியில் எஞ்சிய சிறு அளவே மகளின் பாடத்திற்கு மிஞ்சுகிறது. செவிலியர் கல்வியில் இன்று கைப்பேசிக்கு என்ன இடம் இருக்கிறது என்பதை அறிந்தால் இந்நிலையை நாம் நீடிக்க விடமாட்டோம்.

பாடத்திட்டமே கேட்கிறது

பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் திருத்தி அமைத்து, 2021-இல் அரசிதழில் வெளியான புதிய பாடத்திட்டம் அதனை எட்டுப் பருவங்களாகப் பிரித்திருக்கிறது. அதில் இரண்டாம் பருவத்திலேயே, நலவாழ்வுத் தகவல் தொழில்நுட்பம் ஒரு தனிப் பாடமாக வைக்கப்பட்டுள்ளது. நோயாளியின் பதிவேடுகளைக் கணினியில் பேணுதல், மின்னணுத் தகவல்களைக் காத்தல் போன்றவற்றை மாணவி அங்கே கற்க வேண்டும். பேறுகால மருத்துவப் பாடத்தில், 'சேஃப் டெலிவரி ஆப்' என்னும் கைப்பேசிச் செயலியைப் பயிலுதலும் கட்டாயப் பகுதிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதாவது, நம் மகளின் பாடப்பகுதி ஒன்று கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது.

இந்தச் செயலியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நன்று. டென்மார்க்கைச் சேர்ந்த 'மெட்டர்னிட்டி ஃபவுண்டேஷன்' என்னும் அமைப்பு, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து இதனை உருவாக்கிற்று. மருத்துவர் உடனில்லாத சிற்றூர்களில் பிரசவம் பார்க்கும் செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் உதவுவதே இதன் நோக்கம். குழந்தை பிறந்தபின் தாய்க்கு இரத்தப்போக்கு மிகுந்தால் செய்ய வேண்டியவை, மூச்சு விடாத சிசுவுக்கு மூச்சு அளிக்கும் முறை, தொற்று வராமல் தடுத்தல் ஆகியவை குறுகிய அசைபடங்களாக இதில் அமைந்துள்ளன. ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் பார்க்கலாம்.

எத்தியோப்பியாவின் கிராமப்புறச் சுகாதார நிலையங்கள் 73-இல் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் முடிவுகள் 2016-இல் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. செயலியைப் பயன்படுத்திய பணியாளர்களின் அறிவும் கைத்திறனும் தெளிவாக உயர்ந்திருந்தன. அவர்கள் பணியாற்றிய இடங்களில் ஆயிரம் பிறப்புக்கு 14 சிசு மரணங்களும், செயலி வழங்கப்படாத இடங்களில் 23 மரணங்களும் நிகழ்ந்தன. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதையும் ஆய்வாளர்கள் நேர்மையாகக் குறித்தனர். செயலி தானாக உயிர் காப்பதில்லை. கற்ற கையே உயிர் காக்கிறது. அந்தக் கைக்குக் கற்பிக்கும் கருவிகளுள் ஒன்றாகச் செயலி விளங்குகிறது.

பிறந்த சிசு மூச்சு விடாவிட்டால் முதல் ஒரு நிமிடத்திற்குள் அதற்கு மூச்சு அளிக்கத் தொடங்க வேண்டும். 'பொன்னான நிமிடம்' என்று மருத்துவ உலகம் அதனை அழைக்கிறது. அந்த அறுபது நொடிகளில் புத்தகத்தைப் புரட்ட நேரமில்லை. வகுப்பில் ஒருமுறை பார்த்ததை வீட்டில் பத்துமுறை பார்த்து, பொம்மையின்மேல் செய்து பழகியவளின் கையே அப்போது நடுங்காமல் இயங்கும். அந்தப் பத்துமுறைக்குத்தான் கைப்பேசி வேண்டும்.

தமிழ்வழி படித்த மகளுக்கு

நம் பெண்மக்களுள் கணிசமானோர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். செவிலியர் பாடமோ ஆங்கிலத்தில் நடத்தப்படுகிறது. முதலாண்டில் பாடத்தின் கடினத்தைவிடச் சொற்களின் கடினமே அவர்களை அதிகம் வாட்டுகிறது. 'ஹைப்பர்டென்ஷன்' என்றால் இரத்த அழுத்தம் மிகுதல். 'ஹைப்போடென்ஷன்' என்றால் அது குறைதல். காதுக்கு ஓரெழுத்து வேறுபாடுபோலத்தான் கேட்கிறது. நோயாளிக்கோ ஒன்றுக்கொன்று நேர்மாறான சிகிச்சை. இத்தகைய சொல்லை ஒலியுடன் கேட்டுப் பழகவும், பொருளைத் தமிழில் பார்த்துத் தெளியவும் கைப்பேசி அகராதி உதவுகிறது. வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்படும் மாணவிக்கு, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் திரும்பச் சொல்லும் ஆசிரியை அது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 500 மில்லி குளுக்கோஸை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் பொருத்தப்பட்டுள்ளது எனக் கொள்வோம். 500-ஐ 20-ஆல் பெருக்கி, 4 மணி நேரத்திற்குரிய 240 நிமிடங்களால் வகுத்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 சொட்டு என விடை வரும். கைப்பேசிச் செயலி இதனை நொடியில் சொல்லிவிடும். ஆனால் எண்ணைத் தவறாக உள்ளிட்டால் தவறான விடையையும் அதே வேகத்தில் சொல்லும். 420 என்று விடை வந்தால் "இது இருக்க முடியாதே" என்று திடுக்கிடும் அறிவு மாணவியிடம் இருந்தாக வேண்டும். கையால் கணக்கிடப் பழகிய பிறகு, சரிபார்க்கக் கைப்பேசியை எடுப்பதே முறை. நல்ல ஆசிரியர்கள் இதையே வலியுறுத்துகின்றனர்.

நம் அச்சங்கள்

பெற்றோரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. தகாத தொடர்புகள், படங்களைத் திருத்தி மிரட்டுதல், நள்ளிரவு வரை நீளும் வீண் அரட்டை, தொழுகையை மறக்கடிக்கும் காணொளிகள் ஆகிய அனைத்தும் இருக்கின்றன. இவற்றால் குடும்பங்கள் கலங்கியதை நாம் அறிவோம். ஆனால் இந்த ஃபித்னா ஆண்பிள்ளைகளைத் தொடுவதில்லையா? பதினான்கு வயது மகனுக்குத் தனிக் கைப்பேசி வாங்கித் தந்துவிட்டு, பத்தொன்பது வயதில் மருத்துவமனையில் பயிற்சி பெறும் மகளிடம் மட்டும் அதை மறுப்பதை மார்க்கப் பேணுதல் என்று கூற இயலாது. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் கட்டளை ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே அருளப்பட்டது.

இது நம் சமுதாயத்தில் மட்டும் காணப்படும் குறையன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21 காலத்தில் எடுக்கப்பட்டது. இணையத்தை எப்போதேனும் பயன்படுத்தியதாக இந்திய ஆண்களில் 57 விழுக்காட்டினர் கூறினர். பெண்களில் 33 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர். 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டு வகுப்புகள் கைப்பேசிக்கு வந்தபோது, அந்த இடைவெளியின் சுமை எந்தப் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

மற்றொன்றையும் பெற்றோர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். "ஏதாவது நடந்தால் ஃபோனைப் பிடுங்கிவிடுவேன், படிப்பை நிறுத்திவிடுவேன்" என்று நாம் அடிக்கடி சொல்லி வைத்திருக்கிறோம். முன்பின் அறியாத ஒருவன் மகளின் படத்தை வைத்து மிரட்டினால், அவள் அதை நம்மிடம் சொல்வாளா? சொன்னால் படிப்பு போகும் என்பதல்லவா அவளுக்கு முதலில் நினைவு வரும்? அவள் மறைப்பாள், மிரட்டுபவனுக்கு வேண்டியதும் அதுவே. நம் கடுமை அவளைக் காப்பதில்லை; அவனுக்கே துணை செய்கிறது. "எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் வா, உன் படிப்பு நிற்காது" என்று சொல்லி வைத்த வீட்டில்தான் பெண்பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறாள். இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் உதவி எண்ணும், பெண்களுக்கான 181 என்னும் உதவி எண்ணும் வீட்டில் அனைவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

நோயாளியின் அமானிதம்

பெற்றோருக்குச் சொன்னோம், இனி மாணவியருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கைப்பேசியை உரிமையாகக் கேட்கும் மகள் அதனை அமானிதமாகவும் ஏற்க வேண்டும்.

மருத்துவமனையில் மனிதன் தன் ஆடையையும் தன் இரகசியத்தையும் ஒருசேர ஒப்படைக்கிறான். பெற்ற பிள்ளைகளிடமும் சொல்லாததைச் செவிலியரிடம் சொல்கிறான். அப்படிப்பட்ட இடத்தில் புகைப்படக் கருவியுடன் நிற்கிறோம் என்ற உணர்வு மாணவிக்கு எப்போதும் இருக்க வேண்டும். நோயாளியின் முகத்தையோ புண்ணையோ கேஸ் ஷீட்டையோ படமெடுத்து வகுப்புத் தோழியரின் வாட்ஸ்அப் குழுவில் "இதைப் பாருங்கள்" என்று போடுவது அமானித மோசடியாகும். பிறந்த குழந்தையை ஏந்திச் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும் அத்தகையதே. அந்தத் தாயின் சம்மதம் எங்கே? பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று எண்ணக்கூடாது. கட்டில் எண்ணும் கைவளையலுமே ஒருவரை அடையாளம் காட்டிவிடும். பிறர் குறையை மறைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறர் தகவலை அவர் அனுமதியின்றிக் கையாளுவதைக் கட்டுப்படுத்துகிறது. சட்டம் வருவதற்கு முன்பே நம்மைக் கட்டுப்படுத்த வேண்டியது இறையச்சம்.

அடுத்தது தூய்மை. தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசும் உம்மத் நாம். நோயாளியைத் தொடுமுன், தூய செய்முறைகளுக்கு முன், உடல்நீர் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின் ஆகிய ஐந்து வேளைகளில் கை கழுவ வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. கழுவிய கையால் கைப்பேசியைத் தொட்டு, அதே கையால் புண்ணைத் தொட்டால் கழுவியதன் பயன் என்ன? பேருந்திலும் உணவுமேசையிலும் கிடந்த கருவி அது. பல மருத்துவமனைகளில் மாணவியர் வார்டுக்குள் கைப்பேசி எடுத்துச் செல்லத் தடை உண்டு. அத்தடையைக் கெடுபிடியாகக் கருதாமல் நோயாளியின் உரிமையாகக் கருத வேண்டும். அனுமதிக்கப்படும் இடத்திலும், பொறுப்புச் செவிலியரிடம் கேட்டு, ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, கை கழுவிய பின்பே கட்டிலருகே வரவேண்டும்.

நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது கண்கள் அவர் முகத்தில் இருக்கட்டும். அவர் உதடு நீலம் பாரிப்பதை எந்தச் செயலியும் சொல்லாது. வலியை மறைத்துப் புன்னகைக்கும் முதியவரின் முகத்தைப் படிக்க எந்தத் திரையும் கற்றுத் தராது. நம் முன்னோரான பெண்மணிகள் கருவிகளின்றியே அந்தக் கல்வியைப் பெற்றிருந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் மஸ்ஜிதில் அமைந்த கூடாரத்தில் ருஃபைதா (ரலி) அவர்கள் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார்கள். அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை அங்கேயே வைத்துப் பராமரிக்கும்படி நபியவர்கள் பணித்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று, காயமுற்றோரையும் நோயுற்றோரையும் கவனித்தார்கள். செவிலியர் படிக்கும் நம் மகள் அந்த வரிசையில் வந்து நிற்கிறாள் என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பெருமிதம், ஆயிரம் தடைகளைவிட வலிய காவலாக அவளுடன் இருக்கும்.

வீடும் ஜமாஅத்தும் செய்யத்தக்கவை

முதலாவதாக, செவிலியர் கல்லூரியில் சேர்ந்த மகளுக்கு, மற்றவர் பங்கு கேட்காத ஒரு கைப்பேசியைக் கொடுங்கள். விலையுயர்ந்தது வேண்டியதில்லை, காணொளி தெளிவாகத் தெரிவதும் பாடங்களைச் சேமித்துக்கொள்ள இடமுள்ளதுமாக இருந்தால் போதும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வி பெறும் மாணவியருக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தின்கீழ் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டத்தின் தொகை மகளின் வங்கிக் கணக்கிற்கு வருகிறது. அது வீட்டுச் செலவில் கரைந்துவிடாமல், இணையக் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் பயன்படட்டும்.

இரண்டாவதாக, நேரத்தைக் கொடுங்கள். கைப்பேசியைக் கையில் தந்துவிட்டு, கல்லூரியிலிருந்து களைத்து வந்தவளிடம் பாத்திரம், துணி, தம்பியின் வீட்டுப்பாடம் என அனைத்தையும் சுமத்தினால் அவள் எப்போது படிப்பாள்? இஷாவுக்குப் பின் இரண்டு மணி நேரம் அவளுடையது என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் ஆண்பிள்ளைகளும் அடுக்களையில் ஒரு கை கொடுக்கட்டும். நபி (ஸல்) அவர்களும் தம் வீட்டாரின் வேலைகளில் உதவி வந்தவர்களே. இரவு உறங்கும் முன் வீட்டிலுள்ள எல்லாருடைய கைப்பேசியும், அத்தாவுடையது உட்பட, ஒரே மேசைக்கு வரட்டும். எல்லாருக்கும் பொதுவான ஒழுங்கை எந்த மகளும் அவமதிப்பாகக் கருதமாட்டாள்.

மூன்றாவதாக, ஜமாஅத்துகள் இதனைக் கையிலெடுக்க வேண்டும். ஓர் ஊரில் நான்கைந்து பெண்கள் செவிலியர் படித்தால், மதரஸா ஓய்ந்த நேரத்தில் அதன் ஓர் அறையை இணைய வசதியுடன் அவர்களுக்குத் திறந்துவிடலாம். பணியிலிருக்கும் மூத்த செவிலியச் சகோதரி ஒருவர் வாரம் ஒருமுறை வந்து ஐயம் தீர்த்தால் அது பெரும் பேறு. ஏழை மாணவிக்குக் கைப்பேசி வாங்கித் தர ஸதகா நிதியைப் பயன்படுத்தலாம். குடும்பம் ஸகாத் பெறத் தகுதியுடையதாயின் அதற்குரிய முறையை ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். திருமண மண்டபத்திற்கு அலங்கார விளக்கு வாங்கும் தொகையில் இரண்டு மாணவியரின் கல்விக்கு ஒளியேற்றலாம்.

இதன் பயன் அந்தக் குடும்பத்தோடு நின்றுவிடாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகத்தில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். அத்தகைய செய்தி வரும்போது "இதை யார் சொன்னது? எங்கே சொன்னது?" என்று கேட்டுச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு செவிலிய மகள் தெருவுக்கு ஒருத்தி இருந்தால் போதும். கேட்ட செய்தியை உறுதிப்படுத்திக்கொள்ளும் குர்ஆனியக் கட்டளையை அவள் தன் தொழிலாகவே நிறைவேற்றுகிறவள் ஆவாள். நோன்பு நோற்க விரும்பும் சர்க்கரை நோயாளியான மூதாட்டிக்கு, மருத்துவரிடம் எதைக் கேட்டு வரவேண்டும் என்று நம் பேச்சுவழக்கில் எடுத்துச் சொல்லவும் அவளால் இயலும்.

சமுதாயத்திற்குத் தேவையான ஒரு கல்வியை அச்சமுதாயத்தில் ஒருவருமே கற்காவிடில், எல்லாரும் பொறுப்பாளிகள் ஆகிறோம். இதனையே 'ஃபர்ளு கிஃபாயா' என்று நம் அறிஞர்கள் விளக்குகின்றனர். நம் பெண்களுக்குப் பெண் செவிலியர் வேண்டும் என்று கேட்கும் நாம், அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்ற மகளின் கையிலிருந்து அவளது பாடத்தைப் பறித்துவிடக் கூடாது. ஐயத்தோடு நீட்டப்படும் கைப்பேசியை அவள் ஒளித்து வைத்தே பயன்படுத்துவாள். அமானிதமாக ஒப்படைக்கப்படும் கைப்பேசிக்கு அவளே காவலாக நிற்பாள்.

நம் பெண்மக்களின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்களின் கைகளைக் கொண்டு நோயுற்றோருக்கு ஷிஃபாவை எளிதாக்குவானாக. நம் இல்லங்களில் ஐயத்தை நீக்கி அன்பையும் நம்பிக்கையையும் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.